மறுமொழி: 'ஃபால்சி'க்குப் பொய் மதிப்பு போதுமா?

> 'ஃபால்சி' என்பதைப் 'பொய் மதிப்பு' என்றே வைத்துவிட்டால் என்ன?

வேண்டாம் அண்ணாச்சி. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் நிபந்தனைக்குள் பொய் (false) போல நடக்கும் மதிப்புதான் 'ஃபால்சி' (falsy), மெய் (true) போல நடப்பது 'ட்ரூதி' (truthy). இவற்றுக்குத் தமிழ்ச் சொல்தானே தேடுகிறோம்? போன வாரம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

அக்கா மகள் பல்லாங்குழியை ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறாள். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை. அம்பாசமுத்திரத்து ஆச்சியிடம் ஆடிப் பார்க்கக் கொடுத்தாள். நாலே ஆட்டத்தில் ஆச்சி கண்டுபிடித்துவிட்டாள்: "ஏட்டி, இந்தக் கோடியில கொட்டை தீர்ந்தா மட்டும் உன் மெஷின் அடுத்த குழியை அள்ளாம முழிக்கு."

குழிகளுக்கு 0 முதல் 13 வரை எண். 13-ஆம் குழியில் கை காலியானால் அடுத்தது 13+1-ஐ 14-ஆல் வகுத்த மீதி, அதாவது 0. அவள் 'இஃப் (அடுத்தகுழி)', அதாவது அடுத்த குழி இருந்தால் அள்ளு, என்று மட்டும் எழுதியிருந்தாள். 0 வந்ததும் 'குழியே இல்லை' என்று எடுத்துக்கொண்டு ஆட்டம் எதிராளிக்குப் போய்விட்டது. ஆனால் அதே குழியை ஆச்சி விரலால் தொட்டால் ஒழுங்காக அள்ளுகிறது! அந்த மர்மத்தில்தான் எங்கள் இரவு போனது. திரையில் குழிக்கான பட்டனில் எழுதி வைத்த எண்ணை எடுத்தால் வருவது "0" என்ற சரம் (string), எண் அல்ல, எழுத்து. சரம் காலியாக இல்லாவிட்டால் நிபந்தனையில் அது மெய். எண் 0 அப்படியல்ல. கடைசியில் 'நல்' (null, எதுவுமே இல்லை) அல்லாததா என்று நேராகக் கேட்கும்படி மாற்றினோம், சரியாகிவிட்டது.

இதில் வேடிக்கை, இரண்டு வரி தள்ளி வெறுங்குழியா என்று பார்க்கும் இடத்தில் இதே 0 பொய்யாகப் போவதுதான் நமக்கு வேண்டும். அங்கே அது கொட்டை எண்ணிக்கை, இங்கே குழியின் பெயர். 0 பொய் இல்லை. வகையையும் சேர்த்துப் பார்க்கும் மூன்று சமக்குறி (===) போட்டுப் பொய்யோடு ஒப்பிட்டால் சமமில்லை என்றுதான் வரும். நிபந்தனைக்குள் நுழையும்போது மட்டும் பொய் போல நடக்கிறது. அந்தப் 'போல' சொல்லில் இருக்க வேண்டும்.

'வெற்று மதிப்பு'ம் ஆகாது. காலி வரிசை (array) வெற்றாக இருந்தும் நிபந்தனையில் மெய்யாகத்தான் போகும். கோவை நண்பர் சொன்ன 'பொய்யாட்டம்' என்ற சொல் அழகு, ஆனால் விளையாட்டு நிரலில் அதைப் போட்டால் கள்ளாட்டம் என்று நினைத்து ஆச்சி சண்டைக்கு வருவாள். எங்கள் ஊர்ப் பேச்சில் பொய் போல என்பதைப் 'பொய் கணக்கா' என்போம். 'பொய்க்கணக்கு' என்று சுருக்கினால் ஆடிட்டர் வந்துவிடுவார்.

என் வாக்கு பொய்யன்ன, மெய்யன்ன. 'அன்ன' என்றால் போல. பழைய உவம உருபுதான், இருக்கட்டுமே. '0 பொய்யன்னது, "0" மெய்யன்னது' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை. 'மெய்மதிப்பு' என்று வைத்தால் கணக்கில் வரும் மெய்யெண்ணோடு (real number) மோதும். அந்தத் தொல்லையும் இதில் இல்லை.

ஒன்றே ஒன்று: யாரும் இதைப் பெயர்ச்சொல்லாக்கி 'பொய்யன்னம்' என்று எழுதிவிடாதீர்கள். ஆச்சி இலை போட்டுவிடுவாள்.