பழைய புல்லட் சூடேறினால் நின்றுவிடுகிறது: டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு மேக்னெட்டோ போடலாமா?

மதுரை350:
வணக்கம். அப்பா ஓட்டிய 1974 புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. 6 வோல்ட் பாட்டரி, அதன் மின்சாரத்தைப் பல மடங்கு உயர்த்திப் பிளக்குக்குக் கொடுக்கும் காயில், சிலிண்டருக்குப் பின்னால் டிஸ்ட்ரிபியூட்டர், எல்லாம் பழையபடியே. காலையில் இரண்டாவது உதையில் கிளம்பிவிடும். அரை மணி நேரம் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி மெலிந்து மஞ்சளாக இருக்கிறது. முக்கால் மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடுகிறது. பிளக், காயில் இரண்டையும் மாற்றிவிட்டேன். பாட்டரியில் குறை இல்லை. "டிஸ்ட்ரிபியூட்டர்தான் வம்பு, மேக்னெட்டோ மாட்டினால் பாட்டரியே வேண்டாம்" என்கிறார் மெக்கானிக். மேக்னெட்டோ என்றால் காந்தம் சுழன்று தானே மின்சாரம் உண்டாக்கிப் பொறி தரும் கருவியாம். பழைய மேக்னெட்டோ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, விலைதான் மலைக்க வைக்கிறது. வாங்கலாமா?

பழைய பட்டறை:
தம்பி, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த முறை வண்டி நின்றதும் இரண்டு காரியம் செய்யுங்கள். சாவியை அணைக்காமல் டிகம்ப்ரஷரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் பிடி) பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். கண் ஆம்மீட்டரில் (பாட்டரிக்கு மின்சாரம் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும் மீட்டர்) இருக்கட்டும். பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் தொடுமுனைகள்) மூடும்போது முள் இழப்புப் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். நடுவிலேயே நின்றால் பாயிண்ட் சேரவில்லை, அல்லது கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. இழப்புப் பக்கமே கிடந்தால் மின்சாரம் எங்கோ பாடியில் இறங்குகிறது. ஒழுங்காக ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்ட் பிரியும் இடத்தில் பொறி எப்படி விழுகிறது என்று பாருங்கள்.

உங்கள் வண்டியில் அதற்கு டிஸ்ட்ரிபியூட்டர் என்று பெயர் மட்டும்தான். அம்பாசடரில் அது நான்கு பிளக்குக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. புல்லட்டில் இருப்பது ஒரே பிளக், பங்கிட ஒன்றுமில்லை. உள்ளே பாயிண்ட், அது பிரியும்போது அங்கே பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சர், டைமிங்கை (பிளக்கில் பொறி விழும் நேரம்) முன்னே தள்ளும் எடைகள், அவ்வளவுதான்.

காரைநகர்த் தோட்டம்:
மேக்னெட்டோவோடு வளர்ந்தவன் சொல்கிறேன். எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடியில் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் இருந்தது. கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பாட்டரி கிடையாது, சுழலும் சில்லிலேயே காந்தம். அதுவும் ஒரு காலத்தில் நீங்கள் சொன்னபடியேதான் நின்றது: சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும். காரணம் கண்டென்சர். அதைத் தொடுவதற்கே புல்லர் போட்டுச் சில்லைக் கழற்ற வேண்டியிருந்தது. கயிறு சுற்றி இழுத்து இழுத்து ஐயாவின் உள்ளங்கை காய்த்துப்போனது இன்றும் கண்ணில் நிற்கிறது.

பழைய பட்டறை:
காரைநகர் நண்பர் சொன்னதுதான் விஷயம். பாயிண்டும் கண்டென்சரும் இரண்டு முறையிலும் உண்டு. 1949-இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வந்த புல்லட்டில் மேக்டைனோ இருந்தது. மேக்னெட்டோவின் முதுகில் டைனமோ. அதில் கண்டென்சர் கம்பி சுற்றிச் சுழலும் ஆர்மேச்சருக்குள்ளேயே புதைந்திருக்கும். அது கெட்டால் முழுவதையும் பிரிக்க வேண்டும். உங்களுடையதில் ஒரு திருகைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும்.

மேக்னெட்டோவுக்கு உரிய பெருமை உண்டு, மறுக்கவில்லை. வேகம் கூடக் கூட அதன் பொறி வலுக்கும், பாட்டரி செத்தாலும் கவலையில்லை. பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் மேக்னெட்டோ வைப்பது அதனால்தான். ஆனால் கிளப்பும்போது காந்தம் மெதுவாகத்தான் சுற்றும். உதை சோர்ந்தால் பொறியும் சோரும். காயிலுக்குப் பாட்டரி துணை இருப்பதால் சோர்ந்த உதைக்கும் முழுப் பொறி கிடைக்கும். உச்ச வேகத்தில் காயில் தளரும் என்பார்கள். புல்லட் 5000 சுற்றில் ஓடினாலும் நிமிடத்துக்கு 2500 பொறிதான் வேண்டும். காயில் நிரம்ப நேரம் தாராளம்.

மாற்றினால் சாவியின் வேலையும் தலைகீழாகும். காயில் வண்டி மின்சாரத்தை வெட்டினால் நிற்கும். மேக்னெட்டோவை நிறுத்த, அதன் கம்பியைப் பாடியில் தொட வைக்க வேண்டும். அந்தக் கம்பி அறுந்தால் சாவியை அணைத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

மதுரை350:
நேற்று மேலூர்ச் சாலையில் நின்றுவிட்டது. ஆம்மீட்டர் முள் ஒழுங்காக ஆடியது. துண்டைத் தலைக்கு மேல் போர்த்தி இருட்டாக்கிக்கொண்டு, தம்பியைக் கிக்கரை அழுத்தச் சொன்னேன். பாயிண்ட் பிரியும்போதெல்லாம் தடித்த நீலப் பொறி சடசடவென்று விழுந்தது. ஒரு முனையில் குழி, எதிர்முனையில் மேடு.

பழைய பட்டறை:
கண்டென்சர்தான். பாயிண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இல்லாமல் கண்ணளவில் வைக்காதீர்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் நகரும், அதையும் பார்த்துவிடுங்கள். பாயிண்டைத் திறக்கும் கேமின் மேல் துளி கிரீஸ் போதும், பாயிண்டில் படக் கூடாது.

மதுரை350:
மாற்றிவிட்டேன் ஐயா. இன்று நண்பகல் வெயிலில் மதுரையிலிருந்து திண்டுக்கல் போய்த் திரும்பினேன், எங்கும் நிற்கவில்லை. சூட்டோடு அணைத்து உடனே உதைத்துப் பார்த்தேன், முதல் உதையிலேயே பிடித்தது. மேக்னெட்டோக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூடுதலாக ஒரு கண்டென்சர் வாங்கி டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன்.