சுவரைப் பார்த்து நின்ற படம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

பெண்கள் வரைந்த படங்களோடு உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நாலு பேர். இரண்டு பேர் டிராயிங் டீச்சர், ஒருத்தி தையல் கடைக்காரி, நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். சித்தூர் பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போட்டுத் தொடங்கிய சினேகம், 38 வருஷமாகிறது. சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கவேண்டும் என்பது கல்யாணத்துக்கு முந்திய பேச்சு. நடந்தது என்னவோ போன தை மாதம்தான்.

ஓவியர் நளினி மலானி 1979இல் நியூயார்க்கில் பெண்களே நடத்திய ஏ.ஐ.ஆர். கேலரியைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் பெண்கள் மட்டும் சேர்ந்து ஒன்று வைக்கலாம் என்று நினைத்தார். அர்பிதா சிங், நீலிமா ஷேக், மாதவி பாரேக், அவர் என்று நால்வராக அது நடந்தேற 1987 ஆகிவிட்டது. 1989 வரை ஐந்து இடங்களில் வைத்தார்கள். அவர்களுக்கே எட்டு வருஷம் என்றால் எங்களுக்கு 38 அதிகமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். அவர்கள் வைத்ததும் நீர்வண்ணம், நாங்கள் வைத்ததும் நீர்வண்ணம். எங்கள் காரணம் எளிது: ஒரே ஆட்டோவில் நாலு பேரும் 27 படமும் ஏறவேண்டும்.

நோட்டீஸுக்கே இரண்டு வாரம் சண்டை. பெண்ணியம் என்று போட்டால் என் நாத்தனார் வரமாட்டாள் என்றாள் ஒருத்தி. போடாவிட்டால் நானே வரமாட்டேன் என்றாள் தையல்காரி. போட்டோம். நாத்தனார் வந்தாள், காபி குடித்தாள், போனாள்.

பிரச்சினை தையல்காரி படத்தில். குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள் ஒரு பெண். மேலே துணி இல்லை. அடிவயிற்றில் கர்ப்பப்பை எடுத்த தழும்பு. வரைந்தது தையல்காரி அல்லவா, தழும்பில் தையலை எண்ணிப் போட்டிருந்தாள், பதினொன்று. மண்டபக்காரர் வந்து பார்த்தார். "டீச்சரே, நாலு குடும்பம் வர்ற இடமாக்கும். இதை மட்டும் ஒதுக்கி வச்சுருங்க" என்றார். நான் டீச்சர் இல்லை. எங்கள் பக்கம் கண்ணாடி போட்ட பெண்கள் எல்லாரும் டீச்சர்தான்.

பாக்கி வாடகை கட்ட அவர் அறைக்குப் போனேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு போட்டோ: அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், பின்னால் மலம்புழை யட்சி, துணியில்லாத அந்தப் பெரிய சிலை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்களுக்குள் இரண்டு பேர் எடுக்கக்கூடாது என்றோம், இரண்டு பேர் எதற்கு வம்பு என்றார்கள். கடைசியில் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். தையல்காரி அன்று எங்களோடு சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் வெற்றிலைப் பையோடு ஒரு பாட்டி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஏனுங் அம்மிணி, இதுக்கு மட்டும் என்ன கோவம், செவுத்தப் பாத்துட்டு நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே தானே திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். தன் வயிற்றில் கை வைத்து, "எனக்குக் குறுக்கால போட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு யாரும் படத்தைத் திருப்பவில்லை. மண்டபக்காரர் சாயங்காலம் வந்தார், பார்த்தார், கரண்டு பில்லைத் தனியாக வாங்கிக்கொண்டு போனார்.

பாலக்காட்டிலிருந்து:

யட்சி என்றதும் எழுதத் தோன்றியது. சிற்பி கானாயி குஞ்ஞிராமன் அதைச் செய்து முடித்தது 1969. முப்பது அடி உயரம், உடம்பில் துணி இல்லை. அன்றைக்குப் பெரிய கலாட்டா, இன்றைக்கு பிக்னிக். அதே 1969 மே மாதம் ஓவியர் டி.கே. பத்மினி பிரசவத்தில் இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு பேரும் மெட்ராஸில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர்கள். பத்மினிக்குப் பொன்னானிப் பக்கம். நம் சித்தூர்ப் புழைத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேர்கிற ஊர். அவரும் துணியில்லாத பெண்களை வரைந்தார். தோப்பு, மரநிழல், நடுவே அவர்கள் பாட்டுக்கு நிற்பார்கள். வெட்கமும் இல்லை, வா என்கிற பார்வையும் இல்லை. யட்சியை எல்கேஜி பிள்ளைக்கும் தெரியும். பத்மினியின் பெயரை நான் 40 வயதில்தான் கேள்விப்பட்டேன், அதுவும் இங்கேயே பிறந்து வளர்ந்து. எனக்கு யட்சி மேல் கோபமில்லை. அவள் முன்னால் நானும் போட்டோ எடுத்திருக்கிறேன்.

நகரியிலிருந்து:

சித்தூர் பஸ் என்றதும் எங்கள் ஆந்திரச் சித்தூர் என்று நினைத்துப் படித்தேன். கொழிஞ்சாம்பாறையைப் பார்த்ததும்தான் அது பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் என்று புரிந்தது.

எங்களுடையது காளஹஸ்தி கலம்காரி, கலம் என்கிற மூங்கில் பேனாவால் துணியில் வரைவது. துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்துக் காயவைத்தால்தான் கோடு பரவாது. கறுப்புக்கு வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் பானையில் வாரக்கணக்கில் ஊறவேண்டும். எங்கள் வீட்டில் கோடு மாமனார், சாயமும் அலசலும் பெண்கள் என்றுதான் இருந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியால் 1950களில் காளஹஸ்தியில் பயிற்சி மையம் வந்தது. பெண்கள் கலம் பிடித்தது அதற்கெல்லாம் பின்னால்தான். நானும் மூன்று சினேகிதிகளும் ஒரே பானைக் கறுப்பைப் பகிர்ந்துதான் வரைகிறோம். திருப்பதியில் ஸ்டால் போட்டோம். என் சீதை நேராகப் பார்ப்பாள், தலை குனிய மாட்டாள். வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "வரைஞ்சது உங்க வீட்டுக்காரராம்மா?" அவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார். நேராக ஒரு கோடு போட வராது.

வடகரைப்பதியிலிருந்து:

2018 கொச்சி பினாலே கலைக் கண்காட்சிக்கு அம்மாவை அழைத்துப் போனேன். அனிதா தூபே கியூரேட்டர், அதாவது யார் யார் படைப்பு வைப்பது என்று தேர்ந்தெடுக்கிறவர், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். கலைஞர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கொரில்லா முகமூடி போட்டுக்கொண்டு, சொந்தப் பெயர் சொல்லாத கொரில்லா கேர்ள்ஸ் என்கிற பெண் கலைஞர்கள் குழுவைப் பற்றி அம்மாவுக்குச் சொன்னேன். 1989இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் எண்ணிப் பார்த்துப் போஸ்டர் போட்டார்கள்: நவீன ஓவியப் பகுதியில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாணப் படங்களில் 85 சதவீதம் பெண்கள். அம்மா யோசித்துவிட்டு, "பேர் சொல்லாம இருந்தா நல்லாப் பேசலாம் போல" என்றார். வரும் வழியில் மீன் வாங்கினோம்.

அது இருக்கட்டும், அந்தத் தழும்புப் படம் விற்றதா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

இல்லை. அந்தப் பாட்டி விலை கேட்டார், 4,000 என்றோம். "பாத்தாச்சில்ல, போதும்" என்று சிரித்தார். இப்போது தையல் கடையில், துணி போட்டுப் பார்க்கிற திரைக்கு உள்பக்கம் மாட்டியிருக்கிறாள்.