பிக்கப்பில் இரண்டு ஆம்ப்ளிஃபையர்: கதவில் விசில், சத்தம் கூட்டினால் சிவப்பு விளக்கு

பின்சீட்டுக்காரன்:
நான்கு கதவு பிக்கப். பின்னிருக்கைக்கு அடியில் கீழ்நோக்கி ஒலிக்கும் மூடிய பெட்டி. அதில் 10 அங்குல மெல்லிய சப்வூஃபர் (பாஸ் ஸ்பீக்கர்) இரண்டு. ஒவ்வொன்றிலும் கூம்பை அசைக்கும் 4 ஓம் காயில் (கம்பிச் சுருள்) இரண்டு. சப்வூஃபருக்கு ஒற்றைச் சேனல் ஆம்ப்ளிஃபையர் (2 ஓமில் 500 வாட், 4 ஓமில் 300), கதவு ஸ்பீக்கர்களுக்கு நான்கு சேனல். இரண்டையும் இருக்கைக்குப் பின்னால், கேபின் சுவரில், துணி ஒட்டிய பலகையில் பொருத்தியிருக்கிறேன். ஒரு வயர்கூட வெளியே தெரியாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போய்விட்டன.

பார்க்க அழகாக இருக்கிறது, கேட்கத்தான் முடியவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கதவு ஸ்பீக்கரில் ஒரு விசில் ஏறுகிறது. பாஸ் கனமான பாட்டில் சத்தத்தைக் கூட்டினால் சப்வூஃபர் ஆம்ப்ளிஃபையர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அடங்கிவிடுகிறது. பிரித்துப் போட மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கம்பிவடம்:
விசிலுக்கு ஒரு ஃபில்டர், ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு பெரிய கெப்பாசிட்டர். வேலை முடிந்தது.

பழைய காயில்:
ஃபில்டர் வாங்குவது கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பது போல. ஓட்டையை முதலில் தேடுங்கள்.

நண்பரே, இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்று நினைக்கிறேன். சப்வூஃபருக்குப் போகும் ஒலியில் 80 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது பெரும்பாலும் வெட்டப்பட்டுவிடும். அதனால்தான் விசில் அதில் கேட்கவில்லை. விசிலுக்கு எர்த் மேல்தான் எனக்குச் சந்தேகம். எங்கே எர்த் கொடுத்தீர்கள்? காயில்களை எப்படி இணைத்தீர்கள்?

பின்சீட்டுக்காரன்:
எர்த் வயர் இரண்டும் பின்னிருக்கை போல்டில். கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. காயில்கள் நான்கையும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துவிட்டேன்.

பழைய காயில்:
இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

இருக்கை போல்ட் இருக்கையைப் பிடிப்பதற்கு. அதன் மரையில் பசையும் பெயிண்டும் இருக்கும், மின்சாரம் சரியாகக் கடக்காது. இடையில் லக்கை (வயர் நுனியில் உள்ள உலோக வளையம்) செருகினால் இறுக்கமும் குறையும். இருக்கை பெல்ட் போல்டையும் தொடவே தொடாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு, பாட்டை வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபையரின் எர்த் முனையிலும் மற்றதை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

அடுத்தது சிவப்பு விளக்கு. நான்கு 4 ஓம் காயில்களையும் இணையாகச் சேர்த்தால் 1 ஓம். உங்கள் ஆம்ப்ளிஃபையர் 2 ஓமுக்குக் கீழே போனால் தாங்காது. அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அதைத் திட்டாதீர்கள். ஒவ்வொரு சப்வூஃபரிலும் இரு காயில்களைத் தொடராக இணைத்தால் 8 ஓம். அப்படி இரண்டையும் இணையாகச் சேர்த்தால் 4 ஓம்.

பின்சீட்டுக்காரன்:
அப்படியானால் 200 வாட் போய்விடுமே!

பழைய காயில்:
500க்கும் 300க்கும் உள்ள வித்தியாசம் 2 டெசிபல் சொச்சம். பெட்டியில் காற்று கசிந்தால் அதைவிட அதிகம் இழப்பீர்கள்.

இருட்டுப்பெட்டி:
எர்த்துக்குப் புதிய இடம் தேடுகிறீர்கள் என்றால், ஆம்ப்ளிஃபையரிலிருந்து அரை மீட்டருக்குள் தடித்த தகடு பாருங்கள். லக் உட்காரும் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து வெள்ளைத் தகட்டைக் காட்டி, பல் வாஷர் போட்டு முடுக்குங்கள். பிறகு மேலே பெயிண்ட் பூசினால் துருப் பிடிக்காது. டிரில் பிடிக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்து ஒருமுறை பாருங்கள்: எரிபொருள் டேங்க், பிரேக் குழாய் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. நான் பார்க்காமல் துளைத்தேன். குழாய் விரல்கடை தள்ளி இருந்ததால் தப்பித்தேன்.

இன்னொன்று. பிக்கப்பில் கேபின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. கேபினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டை துருவேறியிருந்தால் உங்கள் புதிய எர்த்தும் வீண். பேட்டரியிலிருந்து வரும் வயரில், அரை மீட்டருக்குள் ஃபியூஸ் போட்டிருக்கிறீர்கள்தானே?

பின்சீட்டுக்காரன்:
ஃபியூஸ் இருக்கிறது. இருக்கை போல்டில் 0.6 வோல்ட் காட்டியது! புதிய இடத்தில் 0.04. விசில் போய்விட்டது. காயில்களையும் மாற்றிவிட்டேன், மீட்டரில் 3.5 ஓம். சிவப்பு விளக்கும் வரவில்லை. ஆனால் பாஸ் சப்பென்று இருக்கிறது. முன்பு முதுகில் இடித்தது, இப்போது யாரோ பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் கேட்கிறது. இதற்குத்தான் 300 வாட்டா?

பழைய காயில்:
300 வாட்டின் வேலை இல்லை இது. 4 ஓமுக்கு மீட்டரில் 3.5 வருவது சரிதான். ஆனால் ஒரு காயிலின் பிளஸ்ஸும் மைனஸும் தலைகீழாக இணைந்திருந்தாலும் மீட்டர் அதையேதான் காட்டும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வயரைக் கழற்றி, பெட்டியைக் கவிழ்த்து, 9 வோல்ட் பேட்டரியை அந்த வயரில் ஒரு நொடி தொடுங்கள். பிளஸ் பிளஸ்ஸில் பட்டால் இரண்டு கூம்புகளும் வெளியே எழ வேண்டும்.

பின்சீட்டுக்காரன்:
தொட்டேன். இடது கூம்பு ‘டப்’ என்று எழுந்தது. வலது அசையவே இல்லை. விரலை வைத்துப் பார்த்தேன், துடிப்புகூட இல்லை. கழற்றினால், முதல் காயிலின் மைனஸை இரண்டாவதன் மைனஸோடு முறுக்கி வைத்திருக்கிறேன். ஒன்று தள்ள, மற்றது இழுத்திருக்கிறது. மாற்றியவுடன் இரண்டும் சேர்ந்து எழுந்தன.

இப்போது முதுகில் இடிக்கிறது அண்ணா. கூடவே பின்கண்ணாடிக்குக் கீழே பிளாஸ்டிக் உறையும் கடகடக்கிறது.

இருட்டுப்பெட்டி:
உறையின் கிளிப்புகளுக்குப் பின்னால் துணி டேப் ஒட்டுங்கள். பலகையைக் கழற்ற வேண்டாம்.