சைட்டுக்குத் தூக்கிட்டுப் போற டேபிள் சா: எடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

பெருந்துறைக்காரர்:
சைட் சைட்டாப் போயி கிச்சன், வார்ட்ரோப் செய்யறவனுங்க நான். டேபிள் சா, அதான் மேசை நடுவுல பிளேடு நீட்டிக்கிட்டுச் சுத்தற அறுவை மெஷின், வாங்கக் கடைக்குப் போனா மொதல்ல வாட்ஸைத்தான் சொல்லுவாங்க: 1500, 1800, 2000. 18 எம்எம் பிளைவுட்டை எல்லா மெஷினும்தானுங்க அறுக்கும். நீங்க ஃபென்ஸைப் பாருங்க, பலகைய அணைச்சுத் தள்ளறதுக்குப் பிளேடுக்குப் பக்கத்துல நேரா நிக்கற சட்டமுங்க அது.

பெட்டியப் பிரிச்சா எடுத்தே ஆகணும்னாரு கடைக்காரர். சரிங்கண்ணா, வெளிய வச்சிருக்கறதையே பாத்துக்கறேன்னு டேப்பை எடுத்தேன். பிளேடோட முன்பல்லுல இருந்து ஃபென்ஸுக்கு ஒரு அளவு, அதே பல்லைப் பின்னாடி சுத்தி விட்டு ஒரு அளவு. ஒரு மெஷின்ல பின்னாடி ரெண்டு எம்எம் குறுகலா இருந்துச்சு. அப்படி இருந்தா பலகை நடுவுல சிக்கி, நம்ம வயித்தைப் பாத்து எகிறும். பல்சக்கரம் வச்ச ஃபென்ஸ்னா குமிழைத் திருப்புனா முன்னும் பின்னும் ஒட்டுக்கா நகரும். வெலை எச்சாத்தான், ஆனா நான் அதைத்தான் எடுத்தேன்.

8¼ இஞ்ச் பிளேடு மெஷின் தூக்கறதுக்குச் சுளுவு. ரெண்டரை இஞ்ச் கனம் அறுக்கும், எனக்கு அது போதும். 5க்கு 3 நிலவுக்கட்டை அறுக்கறவங்க 10 இஞ்சுக்குப் போயிருங்க. எதுவானாலும் 8க்கு 4 ஷீட்டை முழுசா மேல ஏத்தாதீங்க. கையில புடிக்கற சர்க்குலர் சாவுல பொளந்துட்டு அப்புறம் ஏத்துங்க.

பிளேடு வாங்கறப்ப அதோட நடு ஓட்டையவும் பாத்துக்கணும். நம்ம 230 வோல்ட் மாடல்ல நெறையதுக்கு 30 எம்எம். கடையில கைக்கு வர்றது 25.4 எம்எம்மா இருக்கும். பெரிய ஓட்டைக்கு ரிங் போட்டுச் சின்னது ஆக்கிக்கலாம். சின்னதைப் பெருசாக்கறேன்னு லேத்துக்குத் தூக்கிட்டுப் போறவங்களும் நம்ம ஊர்ல இருக்காங்க. வேண்டாமுங்க, மையம் நூல் அளவு தப்புனாலும் பிளேடு ஆடும்.

காங்கேயம் தோட்டத்துக்காரர்:
எனக்கு இது பொழுதுபோக்குத்தானுங்க. ஃபென்ஸ் எல்லாம் சரி, எங்க சாளையில கரண்டுதான் வில்லங்கம். பொழுதோட லைன்ல 190 வோல்ட்டுக்குக் கீழ எறங்கிரும். மோட்டார் முக்கும், பிளேடு மெதுவாகி வேப்பம்பலகை கருகும். அதனால அறுக்கற வேலைய மத்தியானத்துக்கு மாத்திக்கிட்டேன். 16 ஆம்ப்ஸ் பிளக், 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர்ல எக்ஸ்டென்ஷன். டேபிள் ஃபேனுக்கு இழுக்கற ஒயர்ல ஓட்டுனா ஒயர் சுட்டுரும். அப்புறம் சத்தம். இதெல்லாம் பிரஷ் மோட்டார், ஓட விட்டா எங்க மாடு கவுத்தை அத்துக்கப் பாக்குது. கட்டுத்தறிக்கு அக்கட்டால தள்ளி வச்சுக்குங்க.

மாப்பிள்ளை ஒருத்தர் அமெரிக்காவுல இருந்து வாங்கிட்டு வர்றேன்னாரு. அது 120 வோல்ட், 15 ஆம்ப்ஸ். அதுக்குத் தோதான டிரான்ஸ்ஃபார்மரையும் சேத்துத் தூக்கணும்னா என்ன போர்ட்டபிளுங்க அது?

கணபதி பட்டறைக்காரர்:
ஒரே எடத்துல வேலைன்னா இதெல்லாம் எதுக்குங்க? கோயமுத்தூர்ல இண்டக்‌ஷன் மோட்டார், பெல்ட்டு போட்டு டேபிளே அடிச்சுத் தருவாங்க. சத்தம் கம்மி, வருசக்கணக்கா ஓடும். ஆனா அதுல பெரும்பாலும் ரைவிங் நைஃப் இருக்காது. பிளேடுக்குப் பின்னாடி நிக்கற தகடுங்க அது. முறுக்கு மரத்தைப் பொளந்தா அறுத்த வாய் மூடிக்கிட்டுப் பிளேடைக் கவ்வும், தகடு இருந்தா மூட வுடாது. கம்பெனி மெஷின் எடுக்கலாம்னா அதுக்காகத்தான் எடுக்கலாம்.

மார்பிள் கட்டரைக் கவுத்துப் பிளைவுட்டுக்கு அடியில மாட்டி ஓட்டறாங்க பாருங்க, அதைப் பாத்தாலே எனக்கு வெசனம். 4 இஞ்ச் பிளேடு, நிமிசத்துக்கு 12,000 சுத்துக்கு மேல, தகடும் இல்ல, மூடியும் இல்ல. அப்படி ஓட்டுன பையன் ஒருத்தன் ரீப்பர் பொளக்கறப்ப கட்டை திரும்பி வந்து முழங்கையில அடிச்சு, ரொம்ப நாள் உளி புடிக்க முடியாமக் கெடந்தான். விரல் பட்டதும் நின்னுக்கற மெஷின் அமெரிக்காவுல 2004-லயே விக்க ஆரம்பிச்சாச்சு. நமக்கு இன்னைக்கும் தள்ளுக்குச்சிதான். பெட்டிக்குள்ளயே வரும், தூக்கிப் போட்டுராதீங்க.

பெருந்துறைக்காரர்:
பட்டறைக்காரர் சொன்ன தகடை நானும் கழட்டறதில்லீங்க. பல்லு எத்தனைன்னு தனியாக் கேட்டிருந்தாங்க. தேக்கை நீளவாக்குல பொளக்க 24, மைக்கா ஒட்டுன பிளைவுட்டுக்கு 60க்குக் கொறையாமப் போடுங்க. பல மெஷினோட வர்றது 24 பல்லு பிளேடுதான். அதுல மைக்காவை அறுத்து ஓரம் பொரிஞ்சு போச்சுன்னு மெஷினைத் திருப்பிக் குடுக்கக் கெளம்பிராதீங்க.