அமெரிக்காவில் மதுவிலக்கும் பெண்கள் ஓட்டும் ஒரே வருடத்தில் வந்தது ஏன்?

பட்டர்வொர்த் மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். 1920 ஜனவரியில் அமெரிக்கா முழுக்க மது விற்பனைக்குத் தடை. அதே வருடம் ஆகஸ்டில் பெண்களுக்கு ஓட்டுரிமை. ஒன்று உரிமை கொடுக்கிறது, மற்றது தடுக்கிறது. ஆனால் இரண்டுக்கும் பாடுபட்டவர்களில் பலர் அதே பெண்கள்தானாம். இது எப்படிப் பொருந்தும்? பெண்கள் ஓட்டுப் போட்டதால்தான் மதுவிலக்கு வந்தது என்று எழுதலாமா?

பாயான் லெப்பாஸ்:
அப்படி எழுதாதேம்மா, தேதி இடிக்கும். மதுவிலக்குக்கான 18-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1919 ஜனவரியிலேயே உறுதியாகிவிட்டது, ஒரு வருடம் கழித்து நடப்புக்கு வந்தது. பெண்கள் ஓட்டுக்கான 19-ஆவது திருத்தம் 1920 ஆகஸ்டில்தான். அதற்கு முன்பே சில மாநிலங்களில் மட்டும் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். வயோமிங்கில் 1869-இலேயே அந்த உரிமை வந்துவிட்டது.

தோட்டத்து டீச்சர்:
தம்பி சொன்ன தேதி சரி. பொருந்துமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பினாங்கில் வரலாறு சொல்லிக் கொடுத்தவள் நான்.

அந்தப் பெண்களுக்கு இரண்டும் ஒரே வழக்கு, கண்ணு. 19-ஆம் நூற்றாண்டில் பல மாநிலங்களில் மனைவி சம்பாதித்த காசும் சட்டப்படி புருஷனுக்கே. அவன் சம்பளத்தைச் சாராயக்கடையில் விட்டுவிட்டு வந்தால் கேட்க நாதியில்லை. சம்பளச் செக்கை மாற்றிக் கொடுப்பதே பல ஊர்களில் அந்தக் கடைதான். நம் தோட்டங்களில் கள்ளுக்கடை எங்கே இருந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பார். தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து நடக்கும் தூரத்தில். காலையில் வாங்கிய சம்பளம் சாயங்காலம் அங்கே போய்விடும். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடச் சொல்லியும் தொழிலாளர்கள் கேட்டார்கள். குடிக்காதே என்று உபதேசம் செய்யவா கேட்டார்கள்? கூலி வீடு வந்து சேர வேண்டும் என்றுதான்.

1874-இல் தொடங்கிய கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவி பிரான்சஸ் வில்லார்டும் இதே வழியில்தான் போனார். வீட்டைக் காப்பாற்ற ஓட்டு வேண்டும் என்றார். அரசியல் பக்கமே வராத, கோயிலும் குடும்பமுமாக இருந்த பெண்கள்கூட அந்தப் பேச்சுக்கு வந்தார்கள். பீர் முதலாளிகளுக்கும் இது புரிந்தது. பெண்களுக்கு ஓட்டு வரவிடாமல் தடுக்கப் பணம் கொட்டினார்கள்.

உன் கட்டுரையில் வருமான வரியை விட்டுவிடாதே. அதுவரை கூட்டரசு வருமானத்தில் மது வரி பெரும் பங்கு. 1913-இல் 16-ஆவது திருத்தம் வருமான வரிக்கு வழிவிட்ட பிறகுதான், மது வரி இல்லாமலும் அரசாங்கம் நடக்கும் என்ற நிலை வந்தது. 1917-இல் ஜெர்மனியோடு போர். பெரிய பீர் ஆலைகள் பலவும் ஜெர்மானிய வம்சாவளிக் குடும்பங்களுடையவை, அதனால் ஜெர்மனி மேல் இருந்த வெறுப்பு பீர் மேலும் திரும்பியது. தானியத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது.

இதில் எனக்குப் பொறுக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1913 மார்ச்சில் வாஷிங்டனில் பெண்கள் ஓட்டுரிமை ஊர்வலம். கறுப்பினத் தலைவி ஐடா வெல்ஸைக் கடைசியில் போய் நடக்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. இல்லினாய் மாநில வரிசைக்குள் நுழைந்து அவர்களோடு நடந்தார். உரிமை கேட்டவர்களே இன்னொருத்தியைப் பின்னால் தள்ளினார்கள். மதுவிலக்கிலும் அப்படித்தான், 1920-களில் அதற்குக் கொடி பிடித்தவர்களில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானும் உண்டு. கத்தோலிக்கர்களையும் வந்தேறிகளையும் அடக்க அது ஒரு வசதி.

செந்தூல் அண்ணன்:
தடையின் விளைவையும் எழுதச் சொல்லுங்கள், டீச்சர். இங்கே சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துச் செத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடிக்கக்கூடாது என்று அரசாங்கமே அதில் மெத்தனால் என்ற விஷத்தை அதிகம் சேர்க்கச் சொன்னது. அதைத் திருடிச் சாராயமாக விற்றார்கள், குடித்த ஏழைகள் செத்தார்கள். நியூயார்க்கின் தலைமைப் பிரேதப் பரிசோதகர் சார்ல்ஸ் நாரிஸ் அரசாங்கத்தை வெளிப்படையாகவே கண்டித்தார். வசதி உள்ளவர்கள் டாக்டர் சீட்டு வாங்கி மருந்துக்கடையில் விஸ்கி வாங்கினார்கள்.

பட்டர்வொர்த் மாணவி:
நன்றி டீச்சர், நன்றி அண்ணன். அப்படியானால் பெண்கள் கேட்டது தப்பாகிவிட்டதா?

தோட்டத்து டீச்சர்:
கேட்டது தப்பில்லை. கேட்டதற்குக் கொடுத்த சட்டம் தப்பு. அதை எடுக்கச் சொல்லியும் பெண்களே வந்தார்கள். முதலில் மதுவிலக்கை ஆதரித்த பாலின் சாபின், 1929-இல் அதை ஒழிக்கவே ஒரு பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அப்போதும் பேச்சு பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றித்தான். 1933 டிசம்பரில் சட்டம் போனது.

ஓட்டுரிமைப் பகுதியை, 19-ஆவது திருத்தத்துக்குத் தேவைப்பட்ட கடைசி ஒப்புதலைத் தந்த டென்னசி மாநிலத்தோடு முடித்துவிடாதே. அம்மாவின் கடிதம் கிடைத்து அந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஹாரி பர்ன் ஆதரித்து ஓட்டுப் போட்ட கதையை எல்லாரும் எழுதுவார்கள். அதே 1920-இல் தெற்கு மாநிலங்களில் பெயர் பதியப் போன கறுப்பினப் பெண்கள் பலரை, ஓட்டுப் போடக் கட்ட வேண்டிய தலைவரி, எழுத்தறிவுச் சோதனை என்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதைத் தடுக்கும் வலுவான சட்டம் 1965-இல்தான் வந்தது. அதையும் அடுத்த வரியிலேயே எழுது.