பாம்புக்குக் காது கேட்காதாம்! யார் சொல்லிக்கொடுத்தது?

கொடுக்காப்புளி:
போன ஞாயிறு பையனைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் உயிரியல் பூங்காவுக்குப் போனேன். பாம்புக் கூடத்து வாசலில் பச்சைத் தொப்பி போட்ட தன்னார்வலர் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். "பாம்புக்குக் காதே கிடையாது, ஒண்ணும் கேட்காது. சந்தேகமா இருந்தா கத்திப் பாருங்க" என்றார். முப்பது பிள்ளைகள் ஒன்றாகக் கத்தின. மலைப்பாம்பு அசையவில்லை. "பார்த்தீங்களா?" என்று அவருக்கு ஒரே பெருமை. மத்தியான வேளையில் மலைப்பாம்பு எதற்குத்தான் அசையும்? சாப்பிட்டுப் படுத்தால் என் மாமனாரும்தான் அசைவதில்லை. அவருக்கும் காது இல்லையா? வீட்டில் பையன் இப்போது எல்லோரிடமும் இதையே ஒப்பித்துக்கொண்டு திரிகிறான்.

ஞாயிறு தொப்பி:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தத் தொப்பிக்காரர் நான் இல்லை. ஆனால் நான்கு வருடமாக நானும் அதே வேலைதான் செய்கிறேன். சம்பளம் கிடையாது, பஸ் காசு என் பையிலிருந்து. பாம்புக்குக் காது மடல் இல்லை, செவிப்பறை இல்லை, வெளியே ஒரு துளைகூட இல்லை. இல்லாததை இல்லை என்றுதான் சொல்ல முடியும்.

கொடுக்காப்புளி:
உள்காது இருக்கிறதே! தாடையோடு சேர்ந்த ஒரு சின்ன எலும்பு வழியாக அதிர்வு அங்கே போகிறது. 2023-ல் ஆஸ்திரேலியாவில் 19 பாம்புகளை ஓர் அறையில் விட்டு ஒலி எழுப்பிப் பார்த்தார்கள். தரை அதிராமல் காற்றில் மட்டும் வரும் ஒலியும் அதில் உண்டு. தைப்பான் என்கிற விஷப் பாம்பு விலகிப் போனது. மலைப்பாம்பில் ஒரு வகை சத்தம் வந்த பக்கமே நகர்ந்தது. காது கேட்காமலா?

ஞாயிறு தொப்பி:
உணர்வது வேறு, கேட்பது வேறு. கல்யாண வீட்டில் மேளம் அடித்தால் நெஞ்சு அதிர்கிறது, அதற்காக நெஞ்சில் காது இருக்கிறது என்பீர்களா? அப்புறம், ஒரு கூட்டத்துக்கு எனக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். தாடை எலும்பு என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் ஐஸ் வண்டியைப் பார்க்கத் திரும்பிவிடும். எடுத்ததும் வரும் கேள்வி, "அங்கிள், மகுடி ஊதினா ஆடுதே?" என்பதுதான். மகுடியின் அசைவைப் பார்த்துத்தான் நாகம் ஆடுகிறது என்று கையை ஆட்டிக் காட்டுவேன். பாம்பு உரித்த சட்டையைக் கையில் கொடுப்பேன். கண் இருந்த இடத்தில் மெல்லிய வில்லை மாதிரி ஒரு வட்டம் இருக்கும். பாம்புக்கு இமை கிடையாது, இதுதான் கண்ணுக்கு மூடி என்பேன். "சரி, இப்போ காதைக் காட்டு" என்பேன். இதுவரை ஒரு பிள்ளையும் காட்டியதில்லை.

ஓய்வு வாத்தியார்:
தமிழில் பாம்புக்குக் கட்செவி என்றே ஒரு பெயர் உண்டு. கண்ணே செவி. வாட்ஸ்அப்பைக்கூடக் கட்செவி அஞ்சல் என்கிறோம். கூர்மையாகக் கேட்பவனுக்குப் பாம்புச் செவி என்கிறோம். நம் முன்னோருக்குத் தெரியாததா?

வேளச்சேரி வெள்ளம்:
ஐயா, கண்ணால் கேட்கும் என்பது ஒரு முன்னோர், காது ரொம்பக் கூர்மை என்பது இன்னொரு முன்னோர். நாங்கள் யார் பக்கம் நிற்பது?

ஓய்வு வாத்தியார்:
34 வருடம் தமிழ் நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா இது?

மண்ணுளி:
நானும் இரண்டு வருடம் அந்தத் தொப்பியைப் போட்டவன்தான். பயிற்சியில் முதல் நாள் பாடமே, கண்ணாடியைத் தட்டவிடாதே, கத்தவிடாதே என்பது. காது இருக்கோ இல்லையோ, முப்பது பிள்ளைகளைக் கத்தவிட்டதுதான் தப்பு. பக்கத்துக் கூண்டில் குரங்கு இருந்தால் அதற்கும் காது இல்லையா?

ஞாயிறு தொப்பி:
நீங்கள் பாதியில் விட்டுப் போனவர்தானே? சான்றிதழ் கையில் வந்த மறு வாரம் ஆளைக் காணோம். உங்கள் ஞாயிறுகளையும் சேர்த்து நான்தான் பார்த்தேன்.

மண்ணுளி:
விலங்கைப் பற்றிப் பேச வந்தவனைப் பிளாஸ்டிக் பாட்டில் பிடுங்க நிற்கவைத்தால் எத்தனை வாரம் வருவான்? இதில் சான்றிதழை எதற்கு இழுக்கிறீர்கள்?

வேளச்சேரி வெள்ளம்:
பாம்பைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரைக் கேளுங்கள். பாம்பு விஷம் எடுக்கும் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் 1978-லிருந்து இருக்கிறது. 2023-ல் பத்மஸ்ரீ வாங்கிய மாசி சடையனும் வடிவேல் கோபாலும் எந்தத் தொப்பியைப் போட்டுக் கற்றுக்கொண்டார்கள்?

ஞாயிறு தொப்பி:
அவர்கள் மேல் உங்களைவிட எனக்கு மரியாதை அதிகம். அங்கே விஷம் எடுப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். யாரும் பாம்பின் காதில் சொல்லிவிட்டு எடுக்கவில்லை. ஏனென்றால் காது கிடையாது.

கொடுக்காப்புளி:
உள்காது! உள்காது! எத்தனை தடவை எழுதுவது?

ஞாயிறு தொப்பி:
நீங்கள் உள்காது என்கிறீர்கள், நான் காது என்கிறேன். நாலு வருடமாக ஞாயிறு தவறாமல் வெயிலில் நிற்பவன் சொல்வதைவிட, சோபாவில் உட்கார்ந்து படித்தது பெரிதாகிவிட்டது. அப்புறம் மண்ணுளிக்கு ஒரு வார்த்தை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நீங்கள் பயிற்சியைப் பற்றிப் பேசக் கூடாது. இருதலைப் பாம்பு, அதிர்ஷ்டம் என்று புளுகி லட்சக்கணக்கில் கடத்துகிறார்களே, அந்தப் பாம்பு அது.

மண்ணுளி:
மண்ணுளிக்கு ஒரே தலைதான், வால் மழுங்கலாக இருப்பதால் வந்த கதை அது. இதை உங்களுக்கே சொல்லிக்கொடுத்தது நான். மறந்துபோச்சா?

ஞாயிறு தொப்பி:
நீங்களா? சிரிப்பு வருகிறது. சரி, எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வரும் ஞாயிறு 11 மணிக்கு வாருங்கள், பாம்புக் கூடத்து வாசலில்தான் நிற்பேன். சட்டையைக் கையில் தருகிறேன், காதைத் தேடிக் காட்டுங்கள்.

கொடுக்காப்புளி:
பாம்புக் கூடத்து வாசலா? அன்றைக்குக் கத்தவிட்டது நீங்கள்தானே?

ஞாயிறு தொப்பி:
தொப்பி எல்லோருக்கும் ஒரே நிறம்தான். பேச்சை மாற்றாதீர்கள். காது கிடையாது.

ஓய்வு வாத்தியார்:
கட்செவிக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.