ராத்திரி 8 மணிக்கு மேல் வைஃபை சேனல் தாவிக்கொண்டே இருக்கிறது, உதவி வேண்டும்

வளவு வைஃபை:
கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றிய ஒரு பழைய வீட்டுக்கு வைஃபை நான்தான் பார்க்கிறேன். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல், அவ்வளவு நீளம். சுவரில் துளை போட வீட்டு ஆச்சி சம்மதிக்கவில்லை. அது நியாயம்தான், அந்தச் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்தால் மறுபடி அதே வழவழப்பில் பூச ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் முகப்பு, வளவு (நடுமுற்றம்), பின்கட்டு என மூன்று இடத்தில் வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் வைத்திருக்கிறேன். எல்லாம் ஓடுவது ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளில். 5 கிகாஹெர்ட்ஸ் அந்தச் சுவரைத் தாண்டி அறைக்குள் போவதில்லை, 2.4தான் கதி.

நெரிசல் இல்லாத சேனலை அதுவே கற்றுக்கொள்ளட்டும் என்று மல்டி ஆர்ம்ட் பேண்டிட் முறையில் (பல தேர்வுகளை முயன்று, அதிக வெகுமதி தருவதைக் கற்றுக்கொள்வது), குறைவாக முயன்ற தேர்வுக்கும் வாய்ப்புத் தரும் யூசிபி கணக்கை வைத்து நிரல் எழுதி மூன்றிலும் தனித்தனியாக ஓட்டுகிறேன். தேர்வு 1, 6, 11. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வே டம்ப் என்ற சேனல் கணக்கை எடுத்து, சேனல் பிஸியாக இருந்த நேரத்தை, ரேடியோ அதைக் கவனித்த மொத்த ஆக்டிவ் நேரத்தால் வகுக்கிறேன். விகிதம் குறைந்தால் வெகுமதி கூடும். பகலில் அசையாமல் நிற்கிறது. ராத்திரி விருந்தினர் சாப்பிட்டு அறைக்குத் திரும்பியதும் மூன்றும் மாறி மாறித் தாவுகின்றன. நேற்று ஒரு அம்மா வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசும்போது மூன்று தடவை அறுந்துபோனது. எனக்கு மனசே கேட்கவில்லை.

தேவகோட்டைத் தம்பி:
சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் வைத்திருந்தால் 20 ஆக்குங்கள் அண்ணே.

வளவு வைஃபை:
20தான் தம்பி.

காரைக்குடி அலைவரிசை:
ஒரு விஷயம் இடிக்கிறது. உங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், கல்யாணம் காட்சி என்றால்தான் திறப்பார்கள். அக்கம்பக்கத்தில் இத்தனை நெரிசல் எங்கிருந்து வரும்? ராத்திரி ஒரு நிமிடக் கணக்கை அப்படியே போடுங்கள்.

வளவு வைஃபை:
வளவில் இருப்பது, 8.40க்கு எடுத்தது, மில்லி செகண்டில்: ஆக்டிவ் 60,000. பிஸி 42,000. டிரான்ஸ்மிட் 31,000. பிஎஸ்எஸ் ரிசீவ் 5,000.

காரைக்குடி அலைவரிசை:
இதுதான் காரணம். பிஸி நேரத்துக்குள் உங்கள் ஆக்சஸ் பாயின்ட் தானே அனுப்பிய நேரமும் (டிரான்ஸ்மிட்), தன் விருந்தினரிடமிருந்து வாங்கிய நேரமும் (பிஎஸ்எஸ் ரிசீவ்) சேர்ந்தே இருக்கிறது. 42,000இல் 36,000 உங்களுடையது. அடுத்தவருடையது 6,000தான், அதாவது பத்து சதவீதம். நிரலுக்கு அது எழுபதாகத் தெரிகிறது. தன் வேலையையே நெரிசல் என்று நினைத்து நல்ல சேனலை விட்டு ஓடுகிறது.

டிரான்ஸ்மிட், பிஎஸ்எஸ் ரிசீவ் இரண்டையும் கழித்துவிட்டு வெகுமதி கொடுங்கள். பிஎஸ்எஸ் வரி சில டிரைவர்களில் வராது. அப்போது டிரான்ஸ்மிட்டை மட்டுமாவது கழியுங்கள், விருந்தினர் இறக்குவதுதானே அதிகம். எண்கள் கூடிக்கொண்டே போகிறவை, இரண்டு வாசிப்பின் வித்தியாசத்தை எடுக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

அப்புறம் சாதாரண யூசிபி, சேனலின் குணம் மாறாது என்று நம்புகிற கணக்கு. பகல் வேறு, ராத்திரி வேறு. பழைய அளவுகளை உதிர்த்துவிட்டு அண்மையில் எடுத்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டைத் தம்பி:
மூன்றும் தனித்தனியாகக் கற்பதும் தப்பு அண்ணே. முகப்பு 6க்கு வந்தால் வளவு 11க்கு ஓடும், உடனே பின்கட்டும் கிளம்பும். ஒன்று நகர்ந்தால் மற்றதன் பாடமே பொய்யாகிவிடுகிறது. ஒரே நிரல் மூன்றுக்கும் முடிவு எடுக்கட்டும். ஆளுக்கு ஒரு சேனல் என்று பங்கிட்டால் மொத்தமே ஆறு வகைதான். அந்த ஆறையும் பேண்டிட்டின் ஆறு கையாக, அதாவது ஆறு தேர்வாக வையுங்கள். மாறுவதற்கு ஒரு அபராதமும் சேருங்கள். சேனல் மாறும் அறிவிப்பை எல்லா போனும் ஒழுங்காகக் கேட்பதில்லை, பேச்சு அறுவது அதனால்தான்.

வளவு வைஃபை:
வித்தியாசம் சரியாகத்தான் எடுத்திருந்தேன், கழிக்கத்தான் தவறிவிட்டேன். இப்போது கழித்து, ஆறு வகையாக்கி, 7 மணியிலிருந்து 11 மணிவரை அடுத்தவர் பங்கு நாற்பது சதவீதத்தைத் தாண்டினால் ஒழிய மாறக் கூடாது என்றும் வைத்தேன். மூன்று ராத்திரி ஆகிறது. மொத்தம் ஒரே ஒரு மாற்றம், அதுவும் விடியற்காலையில். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.